கடல் தாண்டி ஒரு சிநேகித சபை: தொடங்குகிறவர்களுக்கு

பக்கத்துச் சேகரங்களில் (ஒரே போதகரின் பொறுப்பில் உள்ள சபைகளில்) இருந்து வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "வெளிநாட்டுச் சபையோட தொடர்பு வைக்க என்ன செய்யணும்?" என்பது. அடுத்த கேள்வி பெரும்பாலும், "அவங்க எவ்வளவு அனுப்புவாங்க?" அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கோயில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து வந்தே நமக்குப் பழகிவிட்டது. ஆனால் அந்த இரண்டாவது கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு தொடங்கினால் நன்கொடை கொடுப்பவர் ஒருவர் வேண்டுமானால் கிடைப்பார், சிநேகிதர் கிடைக்கமாட்டார்.

இதை நூறு வருஷத்துக்கு முன்பே ஒருவர் சொல்லிவிட்டார். 1910இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு கூடியது. சுமார் 1,200 பேர் வந்திருந்த அந்த மாநாட்டில் ஆசியாவிலிருந்து போனவர்கள் மிகச் சிலரே. அவர்களில் ஒருவர் திருநெல்வேலிப் பக்கம் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. முப்பத்தைந்து வயது. ஏழைகளுக்கு உணவளிக்க உங்கள் ஆஸ்திகளைக் கொடுத்தீர்கள், சுட்டெரிக்கப்படுவதற்கு உங்கள் சரீரத்தையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று அந்த மாநாட்டின் முன்னால் நின்று சொன்னார். அன்பில்லாவிட்டால் இதெல்லாம் வீண் என்று சொல்லும் 1 கொரிந்தியர் 13ஐத் தெரிந்தவர்களுக்கு அந்த வார்த்தையின் கூர்மை புரியும். மிஷனரிமார் சிலருக்கு அன்று அது கசந்தது. இரண்டே வருஷத்தில், 1912இல், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக தோர்ணக்கல்லுக்கு அவரைத்தான் அபிஷேகம் செய்தார்கள்.

எங்கள் சேகரம் தென்மாவட்டத்தில் உள்ள ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரம். எங்கள் சிநேகித சபை இங்கிலாந்தில் ஒரு சிற்றூர் மெதடிஸ்ட் சபை. ஒன்பது வருஷமாகக் கடிதம் எழுதுகிற வேலை என்னுடையது. அந்த அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் தெருவைத் தாண்டுங்கள்

லண்டனுக்குக் கடிதம் எழுதுவதற்கு முன்னால் எதிர்த்தெரு கத்தோலிக்கக் கோயிலுக்குப் போய் பங்குத்தந்தையைப் பாருங்கள். மூன்றாவது தெருவில் ஷெட்டுக்குள் ஆராதனை நடத்தும் பெந்தெகொஸ்தே பாஸ்டர் வீட்டுக்கும் போய்வாருங்கள். பிற சபையாரோடு பேசும் பழக்கம் ஊரில் வராவிட்டால் கடல் தாண்டியும் வராது.

பேசத் தொடங்கினால் வார்த்தையே முதலில் தட்டும். நாம் ‘ஜெபம்’ என்போம், அவர்கள் ‘செபம்’ என்பார்கள். நமக்கு வேதாகமம், அவர்களுக்கு விவிலியம். நமக்குத் திருவிருந்து, அவர்களுக்குத் திருப்பலி. ‘திடப்படுத்தல்’ அங்கே ‘உறுதிபூசுதல்’. எங்கள் வாலிபர் ஐக்கியத்தார் முதன்முதலில் கத்தோலிக்க இளையோரோடு உட்கார்ந்தபோது முதல் அரைமணி நேரம் இதிலேயே போயிற்று. சிரித்துக்கொண்டே பட்டியல் போட்டார்கள். மொழி ஒன்றாக இருக்கும்போதே இப்படி என்றால், ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் எத்தனை வார்த்தை வழுக்கும் என்று அன்றைக்கே அவர்களுக்கு விளங்கிவிட்டது.

தொடங்குவதற்கு வருஷத்தில் இரண்டு நல்ல சமயங்கள் உண்டு. ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒற்றுமைக்கான ஜெப வாரம். 1908இல் தொடங்கிய வழக்கம் இது, இன்றைக்கு ரோமச் சபையும் மற்ற சபைகளும் சேர்ந்தே ஆராதனை முறையைத் தயாரிக்கின்றன. மற்றது மார்ச் மாத முதல் வெள்ளிக்கிழமை, உலக ஜெப நாள். ஒவ்வொரு வருஷமும் ஒரு நாட்டுப் பெண்கள் அதற்கான ஆராதனை முறையை எழுதுவார்கள். 2024இல் பாலஸ்தீனப் பெண்கள், 2025இல் குக் தீவுகளின் பெண்கள். உங்கள் பெண்கள் ஐக்கிய சங்கம் ஏற்கெனவே இதை நடத்திக்கொண்டிருக்கும். அங்கே போய்க் கேளுங்கள். ஒரு சேகரத்தில் வெளிநாட்டு நட்புக்கு வழி பெரும்பாலும் ஆலயக் கமிட்டியில் திறப்பதில்லை, பெண்கள் சங்கத்தில்தான் திறக்கும்.

நம் சொந்த வரலாற்றையும் ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள், பேச உதவும். 1706இல் சீகன்பால்க் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அனுப்பியவர் டென்மார்க் ராஜா, வந்தவர் ஜெர்மானிய லுத்தரன், அச்சு இயந்திரம் அனுப்பியதோ இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் சங்கம். 1715இல் தமிழில் அச்சாகி முடிந்த புதிய ஏற்பாட்டின் பின்னால் மூன்று நாட்டார், இரண்டு சபையார் இருக்கிறார்கள். சி.எஸ்.ஐ.யும் அப்படித்தான். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், காங்கிரிகேஷனல், பிரெஸ்பிட்டேரியன் மரபுகள் ஒன்றாகி 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் உருவான சபை. எங்கள் மெதடிஸ்ட் நண்பர்களிடம் இதைச் சொன்னபோது, "அப்படியானால் நீங்கள் எங்களுக்குப் பாதிச் சொந்தம்" என்றார் ஒரு பெரியவர்.

யாரோடு?

இணையத்தில் கிடைக்கும் சபை முகவரிகளுக்கெல்லாம் ஒரே மின்னஞ்சலை அனுப்பாதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. அந்த ஊர்களில் அப்படிக் கடிதங்கள் நிறைய வருகின்றன, பல மோசடி. உங்கள் உண்மையான கடிதமும் அந்தக் குப்பையோடு சேர்ந்து போகும்.

உங்கள் பேராயரின் திருமண்டல அலுவலகத்தில் கேளுங்கள். பல திருமண்டலங்களுக்கு ஏற்கெனவே தொடர்பு உண்டு. திருச்சி-தஞ்சை திருமண்டலத்துக்கும் இங்கிலாந்தின் லெஸ்டர் திருமண்டலத்துக்கும் அப்படி ஓர் உறவு இருக்கிறது. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்கு ஜெர்மனியில் லைப்சிக் மிஷனும், ஆற்காடு லுத்தரன் திருச்சபைக்கு டென்மார்க்கும் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தவர்கள். மேலே பாலம் இருந்தால், அதன் வழியாக உங்கள் சேகரத்துக்கு ஒரு சபையைக் காட்டித்தரச் சொல்லலாம். கத்தோலிக்கப் பங்கு என்றால் மறைமாவட்ட ஆயரகம் வழியாகப் போவதே முறை. தனிச் சபையாக நடத்துகிறவர்களுக்கு இந்த ஏணி கிடையாது. அவர்களுக்கு அந்த ஊரில் குடியேறிய சொந்தக்காரர் ஒருவர் நேரில் அறிமுகம் செய்துவைப்பதுதான் வழி.

உங்கள் அளவுக்கு ஒத்த சபையாகப் பாருங்கள். ஆயிரம் குடும்பமுள்ள நகரச் சேகரத்துக்கு முப்பது முதியவர்கள் கூடும் கிராமச் சபை திணறிப்போகும்.

ஐந்து பேர், ஒரு நோட்டு

ஐயர் (நம் போதகர்) ஒருவரே எல்லாவற்றையும் செய்தால் அவர் மாறுதலாகிப் போகும்போது நட்பும் பெட்டியில் ஏறிப் போய்விடும். அந்தப் பக்கமும் இதே கதைதான். பிரிட்டிஷ் மெதடிஸ்ட் போதகர்கள் சில வருஷத்துக்கு ஒருமுறை மாறுவார்கள், அவர்களுடைய சபை ஆண்டு செப்டம்பர் 1 அன்று தொடங்கும். ஒரே போதகருக்கு நான்கைந்து சபைகள்கூட இருக்கும். பல ஞாயிறுகளில் பிரசங்கம் செய்வது அவர் அல்ல, சபையாரில் பயிற்சி பெற்ற ஒருவர். இது தெரியாமல் நாங்கள் முதல் வருஷம் எல்லாக் கடிதத்தையும் போதகர் பெயருக்கே எழுதி, பதில் வரவில்லை என்று வருத்தப்பட்டோம்.

ஆகவே ஐந்து பேர் கொண்ட ஒரு குழு. பெண்கள் சங்கத்திலிருந்து ஒருவர், வாலிபரில் ஒருவர், ஞாயிறு பள்ளி டீச்சர் ஒருவர், ஆங்கிலம் சரளமாக எழுதுகிறவர் ஒருவர், சேகரக் கமிட்டியில் ஒருவர். கமிட்டித் தீர்மானமாக மினிட் புத்தகத்தில் ஏற்றிவிடுங்கள். அப்புறம் ஒரு தடிமனான நோட்டு வாங்குங்கள். யாருக்கு, என்று, என்ன எழுதினோம், என்ன பதில் வந்தது, யார் வீட்டில் யாருக்கு அறுவைச் சிகிச்சை, எந்தக் குழந்தைக்கு எப்போது ஞானஸ்நானம் என்பதெல்லாம் அதில். எங்கள் நோட்டில் 2017ஆம் வருஷப் பக்கத்தில் ‘மார்கரெட் அம்மா, முழங்கால்’ என்று ஒரு வரி இருக்கும் (பெயரை மாற்றியிருக்கிறேன்). ஆறு மாதம் கழித்து, "முழங்கால் எப்படி இருக்கிறது?" என்று கேட்டு எழுதினோம். அந்த ஒரு வரிக்கு இரண்டு பக்கம் பதில் வந்தது.

முதல் கடிதம்

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். நீங்கள் யார், ஊர் எப்படி, ஞாயிற்றுக்கிழமை உங்கள் கோயிலில் என்ன நடக்கும் என்று எழுதுங்கள். ஒரு படம் போதும், கோயில் கட்டடத்தின் படம் வேண்டாம், ஆட்கள் இருக்கும் படம். அவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். ஜெபத்துக்கு ஒரு காரியம் சொல்லுங்கள், அவர்களுடையதைக் கேளுங்கள்.

எழுதக் கூடாதது: கூரை ஒழுகுகிறது, பிள்ளைகளுக்குச் சீருடை இல்லை, மைக் செட் பழுது. இவை பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முதல் கடிதத்தில் இவை இருந்தால் அவர்கள் மனதில் நாம் என்றைக்கும் கைநீட்டுகிறவர்களாகவே நிற்போம், அதை அழிக்க வருஷங்கள் ஆகும்.

எங்கள் முதல் கடிதத்தில் அறுப்பின் பண்டிகையைப் பற்றி எழுதினோம். வாழைத்தார், பூசணிக்காய், ஒரு சேவல், நான்கு முட்டை, கட்டு முருங்கைக்காய் எல்லாம் ஆலயத்துக்கு முன்னால் குவிவது. ஆராதனை முடிந்ததும் ஏலம். இருபது ரூபாய் முருங்கைக்கட்டு இரண்டு பேர் போட்டியில் எண்ணூறு ரூபாய்க்குப் போனது. அப்புறம் அசனம், தெருவே உட்கார்ந்து சாப்பிடுவது. அவர்கள் ஊரிலும் அறுப்பு ஆராதனை உண்டு, செப்டம்பர் கடைசியில். ரொட்டி, ஆப்பிள், டின் உணவு கொண்டுவந்து வைத்து, பிறகு இல்லாதவர்களுக்கான உணவு வங்கிக்கு அனுப்புவார்களாம். அடுத்த வருஷம் அவர்கள் ஏலம் விட்டுப் பார்த்தார்கள்! ஒரு பூசணிக்காய் பதினொரு பவுண்டுக்குப் போயிற்று என்று படத்தோடு எழுதினார்கள். எங்கள் நட்பு அந்தப் பூசணிக்காயில்தான் வேர் பிடித்தது.

கடிகாரம்

வீடியோ அழைப்புக்கு முன்னால் நேரத்தை இரண்டு ஊர்க் கணக்கிலும் எழுதி அனுப்புங்கள். மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் ஐரோப்பாவில் கடிகாரத்தை மாற்றுவார்கள். இங்கிலாந்து கோடையில் நமக்கு நாலரை மணி பின்னால், குளிர்காலத்தில் ஐந்தரை. ஜெர்மனி, சுவீடன் என்றால் மூன்றரை, நாலரை. நாங்கள் ஒரு அக்டோபர் கடைசி ஞாயிறில் மாலை 4 மணி என்று வைத்துக்கொண்டோம். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பாவாடை சட்டையோடு வரிசையாக உட்கார்ந்து, திரையையே பார்த்து, அழுது, பசித்து, வீட்டுக்குப் போனார்கள். 5 மணிக்கு அவர்கள் திரையில் வந்தபோது இங்கே நானும் ஆலயத்தைக் கவனிக்கும் கோயில்பிள்ளையும் மட்டும். தவறு என்னுடையது.

பத்து நிமிஷத்துக்கு மேல் பேச்சு வேண்டாம். பரமண்டல ஜெபத்தை இரண்டு மொழியிலும் ஒரே நேரத்தில் சொல்லுங்கள். இணையம் தாமதிப்பதால் குரல்கள் மேலும் கீழுமாக வரும், வரட்டும். மாதம் ஒருமுறை ஐந்து ஜெபக் காரியங்களை மாற்றிக்கொள்ளுங்கள், வியாழக்கிழமைக்குள் அனுப்பினால் அவர்கள் ஞாயிறு அறிக்கையில் அச்சாகும். வந்ததை நம் ஆராதனையில் பெயரோடு வாசியுங்கள்.

ஜெர்மன் சபையோடு நட்பு என்றால் ஒரு பழைய ஜெபத்தைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மன் விமானக் குண்டுகளில் இங்கிலாந்தின் கவென்ட்ரி கதீட்ரல் எரிந்தது. இடிபாட்டுச் சுவரில் ‘பிதாவே, மன்னியும்’ என்று மட்டும் எழுதினார்கள். ‘இவர்களுக்கு’ என்ற சொல்லை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். கூரையின் பழைய ஆணிகள் மூன்றைச் சேர்த்துச் செய்த சிலுவையைப் போருக்குப் பின் 1947இல் ஜெர்மனியின் கீல் நகரத்துக்குக் கொடுத்தார்கள். அந்த வார்த்தையைப் பல்லவியாகக் கொண்ட ஒப்புரவு ஜெபம் இன்றும் வெள்ளிக்கிழமை நண்பகலில் கவென்ட்ரியில் சொல்லப்படுகிறது. பகைத்த இரண்டு நாட்டார் ஜெபித்ததை நாமும் கூடச் சேர்ந்து ஜெபிக்கலாம்.

பணம்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இது சட்டமும்கூட.

வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010, நாம் சுருக்கமாக எஃப்.சி.ஆர்.ஏ. என்பது. இதில் பதிவோ அரசின் முன் அனுமதியோ இல்லாத சபை, வெளிநாட்டிலிருந்து ஒரு ரூபாய் நன்கொடையும் வாங்க முடியாது. பதிவு உள்ள அமைப்புக்கும் 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வரவேண்டும். வாங்கியவர் இன்னொரு அமைப்புக்கு அதைப் பிரித்துக் கொடுக்கவும் கூடாது. ‘திருமண்டலக் கணக்கில் போடச் சொல்லி நாம வாங்கிக்கலாம்’ என்று யாராவது சொன்னால் முதலில் பொருளாளரிடமும் ஆடிட்டரிடமும் கேளுங்கள்.

பலருக்குத் தெரியாத இரண்டு விஷயம். வெளிநாட்டுக் குடிமகன் இங்கே வந்து காணிக்கைத் தட்டில் ரூபாய் நோட்டாகவே போட்டாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கி ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கும் நம்ம ஊர்க்காரருக்கும் இதே விதி. அதே சமயம் இந்தியப் பாஸ்போர்ட்டோடு துபாயில் வேலை பார்க்கும் அண்ணன் தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது இதில் சேராது. விருந்தினர் வரும் ஞாயிறுக்கு முன்பே, "தயவுசெய்து காணிக்கை போட வேண்டாம், ஒரு வசனம் எழுதிப் போடுங்கள்" என்று சொல்லிவிடுவோம். சின்ன அட்டையில் தங்கள் கையெழுத்தில் வசனம் எழுதித் தட்டில் வைப்பார்கள். அந்த அட்டைகளை நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறோம்.

சட்டத்தைவிடச் சிக்கலானது மனசு. எங்கள் மூன்றாம் வருஷத்தில் சபையார் ஒருவர், யாரிடமும் சொல்லாமல், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு உதவி கேட்டு அங்கே ஒரு குடும்பத்துக்கு எழுதினார். தேவை உண்மையானது. ஆனால் அந்தக் குடும்பத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மறுக்கவும் முடியாமல் கொடுக்கவும் முடியாமல், நான்கு மாதம் யாருக்குமே எழுதவில்லை. கடைசியில் இரண்டு பக்கத்துக் குழுவும் திரையில் உட்கார்ந்து வெளிப்படையாகப் பேசினோம். தனிநபர் பண உதவி கேட்பதும் இல்லை கொடுப்பதும் இல்லை என்று அன்றைக்கு எழுதிக்கொண்டோம். அந்தப் பெண்ணின் கட்டணத்துக்கு எங்கள் சேகரத்திலேயே ஒரு ஞாயிறு தனிக் காணிக்கை எடுத்தோம். அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

பந்தியில் வரும் வேறுபாடு

சபைகளுக்கு நடுவே அதிகம் வலிக்கிற இடம், அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து. இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் சபை பிற சபைகளில் திருவிருந்து வாங்கும் உரிமையுள்ள ஞானஸ்நானம் பெற்றவர்களை வரவேற்கும். கத்தோலிக்கத் திருப்பலியில் மற்ற சபையாருக்குப் பொதுவாக நற்கருணை கிடையாது, ஆர்த்தடாக்ஸ் சபையிலும் கிடையாது. போய் நின்று திரும்ப நேரிட்டால் அவமானமாகத் தோன்றும். முன்பே கேட்டு, சபையாருக்குச் சொல்லிக் கூட்டிப்போங்கள். மெதடிஸ்டுகள் போதையில்லாத திராட்சைச் சாற்றைச் சின்னக் கிண்ணங்களில் கொடுப்பார்கள், பல ஆங்கிலிக்கன் ஆலயங்களில் ஒரே பாத்திரம், நிஜத் திராட்சரசம். நம் பாட்டிமார்களுக்கு இதையும் சொல்லிவைக்க வேண்டும்.

கொள்கை வேறுபாடும் வரும். சுவீடன் சபை 2009 முதல் ஒருபாலினத் திருமணம் நடத்துகிறது, நம் சபையாரில் பலருக்கு அது ஏற்பில்லாதது. பெந்தெகொஸ்தே நண்பர்களுக்கு நம் குழந்தை ஞானஸ்நானமே ஏற்பில்லை. மறைக்கவும் வேண்டாம், முதல் சந்திப்பில் அதைத் தூக்கிப் போடவும் வேண்டாம். ஒருவர் வீட்டுச் சாவு, பிறப்பு, பரீட்சை எல்லாம் மற்றவருக்குத் தெரிந்த பிறகு இதைப் பேசினால் காது கொடுத்துக் கேட்பார்கள்.

இரண்டாம் வருஷம் முடிவில் ஒரு பக்க உடன்படிக்கை எழுதி, மூன்று வருஷத்துக்குக் கையெழுத்திடுங்கள். முடிந்ததும் தொடர்வதா என்று இரண்டு பக்கமும் கேட்டுக்கொள்ளட்டும். சோர்ந்துபோன நட்பை நன்றியோடு முடிக்கவும் அது வழி கொடுக்கும்.

வீட்டுக்கு வரும்போது

அவர்கள் வருவதற்கு முன்னால் விசாவைப் பற்றிப் பேசிவிடுங்கள். சுற்றுலா விசாவில் வருகிறவர் ஆராதனையில் உட்காரலாம், பிரசங்கம் செய்யக் கூடாது, துண்டுப்பிரதி கொடுக்கக் கூடாது. ‘ரெண்டு வார்த்தை சொல்லுங்க’ என்று ஆசையில் மைக்கை நீட்டி அவரை ஆபத்தில் மாட்டிவிடாதீர்கள். வீட்டில் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை அரசின் இணையதளத்தில் பதிய வேண்டும். லாட்ஜுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தோம், வீட்டுக்கும் உண்டு.

தங்கல் வீடுகளில்தான் இருக்கட்டும், ஹோட்டலில் வேண்டாம். மாலை, சால்வை, நாதஸ்வரம், நாற்பது நிமிஷ வரவேற்புரை இவற்றைப் பாதியாகக் குறையுங்கள். மேடையில் உட்காரவைத்தவரோடு யாரும் சிநேகிதமாவதில்லை. சமையலறையில் ஸ்டூல் போட்டு உட்காரவையுங்கள். எங்களிடம் வந்த ஒரு அம்மா, என் மனைவி தோசை ஊற்றுவதை அரைமணி நேரம் பார்த்துவிட்டுக் கரண்டியை வாங்கினார். முதல் மூன்று தோசை கல்லில் ஒட்டிக்கொண்டது, நான்காவது வந்தது. ஆங்கிலம் தெரியாத என் மனைவிக்கும் தமிழ் தெரியாத அவருக்கும் அந்த வாரம் முழுவதும் பேச விஷயம் இருந்தது. செருப்பை வாசலில் விடுவதையும், ஆண்கள் ஒரு பக்கம் பெண்கள் ஒரு பக்கம் உட்காருவதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தம்பதியாக வந்தவர்கள் திகைத்துப்போவார்கள்.

ஞாயிறு ஆராதனையில் சமாதானம் கூறும் இடத்துக்கு அவர்களைத் தயார்படுத்துங்கள். 1950இல் வந்த சி.எஸ்.ஐ. திருவிருந்து முறைமையில் பழைய திருச்சபை வழக்கத்தை மீட்டு இதை வைத்தார்கள். பிறகு மேற்கத்தியச் சபைகள் பல தங்கள் ஆராதனையில் இதைச் சேர்த்துக்கொண்டதற்கு அந்த முறைமை ஒரு தூண்டுதலாக இருந்தது. கொடுக்கிறவர் தன் வலது உள்ளங்கையை வாங்குகிறவரின் வலது உள்ளங்கையோடு சேர்க்க வேண்டும், பிறகு இருவரும் இடது கையால் மற்றவரின் வலது கையை மூடிக்கொள்ள வேண்டும். அங்கே கைகுலுக்குவதோடு சரி. சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, அந்த வீட்டுப் பிள்ளைகளை விட்டு ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள்.